மழையில் கரகரத்த பிரேக்

வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஐப்பசி மழை பிடித்ததும் பிரேக்கில் கரகரவென்று சத்தம். ரிம்மை அழுத்தும் பிரேக் ஈரத்தில் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும், அது இயல்பு. இந்தச் சத்தம் வேறு.

சக்கரத்தைக் கழற்றி பிரேக் கட்டையைப் பார்த்தேன். ரப்பருக்குள் மணலும், பளபளவென்று அலுமினியத் துணுக்குகளும் புதைந்திருந்தன. சாலைச் சேறு ரிம்மைச் சுரண்டுகிறது. சுரண்டிய உலோகம் ரப்பரில் ஏறி, மறுபடி ரிம்மையே அறுக்கிறது. விட்டால் ரிம்மே போய்விடும். ஊசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து, வழவழத்துப்போன ரப்பரை உப்புத்தாளால் தேய்த்தேன். ரிம்மை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். செயின் எண்ணெய் ஒரு துளிகூட அங்கே படக்கூடாது.

அப்புறம் கட்டையின் பின்முனையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, பிரேக்கைப் பிடித்தபடி போல்ட்டை இறுக்கினேன். முன்முனை முதலில் தொட்டால் கீச்சுச் சத்தம் அடங்கும், அடங்கியது.

புதுக் கட்டை வாங்குவதானால் கூல்ஸ்டாப் என்ற கம்பெனியின் சால்மன் நிறக் கட்டையைப் பாருங்கள், ஈரத்துக்கென்றே செய்தது. கூடவே நீளமான மட்கார்டும் போடுங்கள். சேறு தெறிப்பது குறையும்.