திருமணத்துக்குத் திருமுழுக்குச் சான்றிதழ்: எப்போது வாங்குவது?

கத்தோலிக்கத் திருமணத்துக்கான திருமுழுக்குச் சான்றிதழை, அதாவது ஞானஸ்நானச் சான்றிதழை, திருமண நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் வாங்குங்கள். அதற்காகத் திருமுழுக்குப் பெற்ற கோயிலுக்குப் போகும்போது பழைய சான்றிதழைப் படம் எடுத்துச் செல்லுங்கள். கோயிலில் திருமண அறிவிப்பை வாசிக்க ஓலை கொடுக்கும்போது பங்குத்தந்தை புதிய பிரதியைத்தான் கேட்பார். உறுதிப்பூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் பிற்பாடு திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்படுகின்றன. அங்கே திருமணக் குறிப்பு இல்லை என்பதை இன்றைய பிரதிதான் காட்டும், இருபது வருடப் பழையது காட்டாது. பழையதில் உள்ள ஆண்டும் பதிவு எண்ணும் கையில் இருந்தால், நைந்த ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. சொந்த ஊருக்கு இன்னொரு முறை பஸ் ஏறும் அலைச்சலும் மிச்சம். பிள்ளையின் முதல் நற்கருணைக்கு இந்த ஆறு மாதக் கணக்கு கிடையாது. அதற்குப் பொதுவாகப் பழைய சான்றிதழே போதும்.