பிடுங்கிய பின் பத்து நாள்: கடலை காய வைப்பதில் செய்யும் தவறுகள்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை ஐப்பசியில்தான் பிடுங்க வரும். அடைமழையும் அதே ஐப்பசியில்தான் வரும். பழைய வட ஆற்காட்டில் பாதிப் பேருக்கு இது மல்லாட்டை, மீதிப் பேருக்கு வேர்க்கடலை. பெயர் எதுவானாலும் படுகிற பாடு ஒன்றுதான். நூறு நாளுக்கு மேல் களையெடுத்து, மண் அணைத்துக் காப்பாற்றியதை, பிடுங்கிய பத்தே நாளில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். கோட்டை விட்டதே தெரியாமல் மூட்டை கட்டி அடுக்குகிறவர்கள் அதைவிட அதிகம்.

பிடுங்கும்போது காயில் நூற்றுக்கு 35 முதல் 50 பங்கு வரை தண்ணீர்தான். அது 8 பங்குக்கு இறங்கினால்தான் மூட்டைக்கு ஆகும். இந்த இறக்கத்தில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது.

முதல் தவறு, ஈரக் கொடியைப் போராகக் குவிப்பது. மேகம் கறுத்ததும் எல்லோருக்கும் கை தானாக அதற்குத்தான் போகும். குவித்துத் தார்ப்பாயும் மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். மறுநாள் காலையில் போருக்குள் கையை விட்டுப் பாருங்கள். சுடும். மோந்தால் புளித்த மாவு வாடை அடிக்கும். காய்கள் உள்ளேயே வெந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். படராமல் கொத்தாகக் காய்க்கும் ரக வேர்க்கடலைக்கு உறக்க காலம், அதாவது முளைக்காமல் சும்மா கிடக்கும் காலம், கிடையாது, ஈரம் நின்றால் ஓட்டுக்குள்ளேயே முளை கட்டிவிடும். முளை கட்டினால் கண்ணுக்காவது தெரியும். பூசணம் தெரியாது.

பிடுங்கியதும் கொடியைத் தலைகீழாக, காய் மேலே இருக்கும்படி வரிசையாகப் போடுங்கள். வெயில் இருந்தால் இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும், பிறகு காய் ஆயலாம். மழை பிடித்துக்கொண்டால் மூன்று கழிகளை முக்காலி போல நிறுத்தி, அதில் கொடியைச் சாற்றி, நடுவில் காற்று புகுந்து வர விடுங்கள். நனைந்தாலும் காற்றுபட்டால் உலரும். மூச்சு முட்டினால்தான் கெடும்.

அந்தப் பூசணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சள் கலந்த பச்சைப் பொடி போல இருக்கும், பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது கக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது. ஈரலைத் தாக்கும் நஞ்சு இது. வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர். சீக்கிரம் காயட்டும் என்று தார் ரோட்டில் கொட்டுவது. வண்டி ஏறினால் ஓடு விரியும், விரிந்த ஓடு பூசணத்துக்குத் திறந்த வாசல். சிமெண்ட் தரை எண்ணெய்க் கடலைக்குப் பரவாயில்லை. விதைக்கு ஆகாது. இதை நான் கெட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் மார்கழிப் பட்டத்துக் கடலையைச் சித்திரையில் பிடுங்கி, மொத்தத்தையும் மொட்டை மாடியில் பரப்பினேன். வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும், 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் அவை. காற்றே அப்படியென்றால் தளம் எப்படி இருக்கும்! வெறுங்காலை வைக்க முடியவில்லை. மூன்றே நாளில் காய் கலகலவென்று ஆடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆடியில் விதைத்தால் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. விதைக்கு எடுப்பதைத் தனியாகப் பிரித்து, மெல்லிய பரப்பாக, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் மட்டும் காட்டுங்கள். உச்சிப் பொழுதில் நிழலுக்கு இழுத்துவிடுங்கள்.

இரவில் மூடாமல் விடுவதும் தவறு. பகலெல்லாம் விட்ட ஈரத்தைப் பனியில் திரும்பக் குடித்துவிடும்.

பதம் பார்க்க, காதருகே ஆட்டிப் பார்த்தால் பருப்பு உருள வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் உப்பு வைத்துப் பாருங்கள். வறுத்து ஆறிய தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் உடைத்த பருப்பு மூன்றில் ஒரு பங்கு. மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் ஈரம். ஒட்டவில்லை என்றால் 15 பங்குக்குக் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதை நம்பி மூட்டை கட்டிவிடாதீர்கள், இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள்.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது புளி. நம் வீடுகளில் புளியும் கடலையும் ஒரே அறையில்தான் கிடக்கும். புளியங்காயில் துளை போடும் வண்டும் கடலை ஓட்டில் துளை போடும் வண்டும் ஒன்றேதான். புளியை வேறு அறைக்கு மாற்றுங்கள். விதையைப் பருப்பாக உடைத்து வைக்காதீர்கள். ஓடு இருக்கும் வரைதான் அதற்குப் பாதுகாப்பு, விதைக்கிற வாரம் உடைத்தால் போதும்.

உடைக்க மெஷினுக்கு எடுத்துப் போனால், "லேசா தண்ணி தெளிச்சு எடுத்தாங்கண்ணா, பருப்பு நொறுங்காது" என்பார்கள். நொறுங்காது, உண்மைதான். ஆனால் அத்தனை நாள் பாடுபட்டு இறக்கிய ஈரத்தை ஒரு குடம் தண்ணீரில் திரும்ப ஏற்றிவிட்டோம். அன்றே செக்குக்குப் போகிறது என்றால் சரி. மறுபடி மூட்டை கட்டப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், நாலு பருப்பு நொறுங்கினால் நொறுங்கட்டும்.

சுருங்கியது, கறுத்தது, பூசணம் பட்டதைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, "எண்ணெய்க்குத்தானே" என்று அதையே செக்குக்கு அனுப்புவதும் எங்கள் பக்கம் நடக்கிறது. ஆட்டிய எண்ணெயிலும் நஞ்சு கொஞ்சம் வரும், பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கும். பிண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டிடமிருந்து பாலுக்கு, பால் வீட்டுப் பிள்ளைக்கு. அந்தச் சொத்தையைக் கோழிக்கும் போடாதீர்கள். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.