ஹட்சனை ஐந்தாம் இடத்தில் வைத்தவன் சொல்கிறேன்

ஜூலை வந்தால் அமெரிக்கக் கால்பந்து ரசிகனுக்குக் கை சும்மா இருக்காது. சீசன் தொடங்க செப்டம்பர் ஆகும், அதுவரை பார்க்க ஒன்றும் கிடையாது. அப்போதுதான் ஆளாளுக்குப் பட்டியல் போட உட்காருவார்கள்.

போன வாரம் மில்வாக்கியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த இரண்டு தம்பிகள் செல்போனை நீட்டினார்கள். "அண்ணா, கிரீன் பே பேக்கர்ஸ் வரலாற்றிலேயே சிறந்த பத்து வைட் ரிசீவர்கள். சரியா இருக்கான்னு பாருங்க." முதலிடத்தில் டொனால்ட் டிரைவர், ஐந்தாமிடத்தில் டான் ஹட்சன். 2022-இல் நான் போட்ட பட்டியலை அப்படியே ஜெராக்ஸ் எடுத்தது போல இருந்தது. அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை, அதுதான் வேடிக்கை. ஒரே பள்ளத்தில் எல்லோரும் தனித்தனியாக விழுகிறோம்.

ஓரத்தில் நின்று, ஓடி, குவாட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர்தான் வைட் ரிசீவர். பிடித்த கேட்ச், பந்தோடு கடந்த யார்டு, கடைசிக் கோட்டைத் தாண்டிப் போட்ட டச்டவுன் என்று அவருடைய கணக்கு முழுதும் எண்ணில் இருக்கும். எண் இருப்பதால் வரிசைப்படுத்துவது சுலபம் என்று தோன்றும். பெயரைத் தப்பாக எழுதுவது, ஆளை மாற்றிப் போடுவது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

வேறு அணியில் சேர்த்ததைக் கூட்டாதீர்கள்

ஜேம்ஸ் லாஃப்டன் 14,004 யார்டு எடுத்தவர். அதில் பேக்கர்ஸுக்காக எடுத்தது 9,656 மட்டும். மீதி அவர் பிற்பாடு ஆடிய அணிகளுடையது.

மோதிரத்தை (சாம்பியன் பட்டத்தை) எண்ணாதீர்கள்

மேக்ஸ் மெகீ 1966 சீசன் முழுவதும் பிடித்தது நான்கே நான்கு பந்து. அந்தச் சீசனின் முடிவில் நடந்த முதல் சூப்பர் பவுலில், அதாவது இறுதிப் போட்டியில், இன்னொரு பேக்கர்ஸ் ரிசீவரான பாய்ட் டௌலர் அடிபட்டு வெளியேற, மெகீ உள்ளே வந்தார். ஏழு கேட்ச், 138 யார்டு, இரண்டு டச்டவுன். சூப்பர் பவுல் வரலாற்றின் முதல் டச்டவுனே அவருடையதுதான். இந்தக் கதையைக் கேட்டு மெகீயை மூன்றாமிடத்தில் வைத்த ஆட்களை எனக்குத் தெரியும். கதை அருமை. ஆனால் அது ஒரு நாள் கதை.

இன்னொரு பக்கம் பாருங்கள். லாஃப்டன் பேக்கர்ஸுக்கு ஆடிய ஒன்பது வருடத்தில் அணி பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றுக்குப் போனதே 1982-இல் ஒரே ஒரு தடவை. ரிசீவர் என்ன செய்வார், டிஃபென்ஸையும் (தடுப்பாட்டத்தையும்) அவரேவா ஆட முடியும்? (ஹட்சன் ஆடினார். அதைப் பிறகு சொல்கிறேன்.)

மொத்த யார்டை வைத்து அடுக்குவது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்னும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

2022-இல் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் ஓய்வு பெற்றார். விஸ்கான்சினிலேயே பிறந்து வளர்ந்தவர், பேக்கர்ஸ் தோற்ற மறுநாள் காலையில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். அவருக்குப் பரிசாக நானே ஒரு பட்டியல் தயாரித்து, தடித்த தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். சட்டத்துக்கே எழுபது டாலர். பட்டியல் தயாரிக்க ஆன நேரம் பத்து நிமிடம். புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தேன், மொத்த யார்டு என்ற தலைப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டினேன், வந்த வரிசையைப் பிரதியெடுத்தேன். டிரைவர் 10,137. லாஃப்டன் 9,656. ஸ்டெர்லிங் ஷார்ப் 8,134. டவான்டே ஆடம்ஸ் 8,121. ஹட்சன் 7,991. ஜோர்டி நெல்சன் 7,848.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. "அந்தக் காலத்தில் ஒரு சீசனுக்கு எத்தனை ஆட்டம், தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தோளில் தட்டி, நன்றி சொல்லிவிட்டு, கேக் வெட்டப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரவு வீட்டுக்கு வந்து தேடினேன். ஹட்சன் ஆடியது 1935 முதல் 1945 வரை. அப்போது சீசனுக்கு 10, 11, மிஞ்சிப்போனால் 12 ஆட்டம். 1978-இலிருந்து 16, 2021-இலிருந்து 17. பதினோரு வருடம் ஆடியும் ஹட்சன் களம் இறங்கிய ஆட்டங்கள் மொத்தம் 116தான். இப்போது அடுத்ததைக் கேளுங்கள். எட்டே வருடம் பேக்கர்ஸில் இருந்த ஆடம்ஸ் ஆடியதும் அதே 116. ஆடம்ஸுக்கு 8,121 யார்டு, 73 டச்டவுன். ஹட்சனுக்கு 7,991 யார்டு, 99 டச்டவுன். எழுபது வருட இடைவெளியில் ஆடிய இருவர், ஆட்டக் கணக்கு ஒன்று, யார்டு கிட்டத்தட்ட ஒன்று. டச்டவுனில் 26 அதிகம் யாருக்கு? தோல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆடியவருக்கு.

சரி, அப்போ மொத்தத்தை ஆட்டங்களால் வகுத்தால் போதுமே என்பீர்கள். நானும் மறுநாளே வகுத்தேன். ஷார்ப் ஆட்டத்துக்குச் சுமார் 73 யார்டு, லாஃப்டன் 71, ஆடம்ஸ் 70, ஹட்சன் 69, நெல்சன் 58, டிரைவர் 49. முதலிடத்தில் இருந்தவர் ஆறாமிடத்துக்குப் போய்விட்டார். டிரைவர் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 213-ஆவது ஆளாகத் தேர்வாகி வந்து, 14 வருடம் தாக்குப்பிடித்து, ஏழு சீசனில் ஆயிரம் யார்டைத் தாண்டியவர். அவருடைய மொத்தம் நீண்ட உழைப்பின் மொத்தம். அதற்கு மரியாதை உண்டு, முதலிடம் வேறு விஷயம்.

ஆனால் வகுத்தாலும் ஹட்சன் நான்காவதுதானே? இங்கேதான் இரண்டாம் பள்ளம். ஆட்டக் கணக்கு மட்டும் மாறவில்லை, ஆட்டமே மாறியிருக்கிறது. ஹட்சன் காலத்தில், பந்து எறியப்படும் முன் ரிசீவரைக் களம் முழுக்க இடித்துத் தள்ளலாம். 1978-இல்தான் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக் கூடாது என்ற விதி வந்தது. குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன் கையை நீட்டித் தடுக்கவும் அனுமதி கிடைத்தது. 1930-களில் பாஸ் என்பதே வேறு வழியில்லாதபோது எறிவது. அணிகள் ஓடியே ஆடின. அன்றைய 69 யார்டையும் இன்றைய 70 யார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, 1940-இல் வாங்கிய நூறு ரூபாய்ச் சம்பளத்தை இன்றைய நூறு ரூபாயோடு வைப்பது மாதிரி.

ஆகவே, ஒருவரை அவர் காலத்து ஆட்களோடு ஒப்பிடுங்கள். அந்த வருடம் லீகில் இரண்டாவதாக வந்தவர் எவ்வளவு பின்னால் இருந்தார் என்று பாருங்கள். 1942-இல் ஹட்சன் 11 ஆட்டத்தில் பிடித்தது 74 கேட்ச். அடுத்து வந்த பாப் ஐவி பிடித்தது 27. எழுத்துப்பிழை இல்லை, இருபத்தேழுதான். அந்தச் சீசனில் ஹட்சனுக்கு 1,211 யார்டு, 17 டச்டவுன். லீக் வரலாற்றில் ஆயிரம் யார்டைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். 2021-இல் ஆடம்ஸ் எடுத்த 1,553 யார்டு பேக்கர்ஸ் அணியின் சாதனை. ஆனால் அதே வருடம் ராம்ஸ் அணியின் கூப்பர் கப் 1,947 எடுத்தார், ஆடம்ஸ் லீகில் மூன்றாமிடம். நெல்சனின் மிகச் சிறந்த சீசனான 2014-இல் 1,519 யார்டு, நான்காமிடம். ஹட்சன் யார்டில் ஏழு தடவை, கேட்சில் எட்டு தடவை, டச்டவுனில் ஒன்பது தடவை லீகிலேயே முதல். அவருடைய 99 டச்டவுன் கேட்ச் சாதனையை முறியடிக்க 1989 வரை, ஸ்டீவ் லார்ஜென்ட் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே டிஃபென்ஸில் நின்று எதிரணி எறிந்த பந்தைப் பறிக்கும் இன்டர்செப்ஷன் 30-உம் எடுத்திருக்கிறார், கிக்கும் அடித்திருக்கிறார். 1945-இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே குவாட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதியில்) 29 பாயின்ட். ரிசீவர் பட்டியலில் இந்த உபரிக் கணக்கை நான் சேர்ப்பதில்லை. சேர்க்கத் தேவையும் இல்லை.

லாம்போ ஃபீல்டு மைதானத்துக்குப் பக்கத்தில் அணியின் உள்ளரங்கப் பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஆடம்ஸ், நெல்சன் எல்லோரும் பயிற்சி எடுத்த இடம். அதன் பெயர் டான் ஹட்சன் சென்டர். அந்த வழியாகப் பலமுறை காரில் போயிருக்கிறேன். போய்வந்துதான் அவரை ஐந்தாமிடத்தில் வைத்தேன்.

மறுபக்கம் சாய்ந்து விழுவது

மேலே சொன்னது புரிந்தவுடன் பலர் ஹட்சனைத் தெய்வமாக்கிவிடுவார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் திரிந்தேன். 1942-லிருந்து லீகின் பல வீரர்கள் போருக்குப் போயிருந்தார்கள், எதிரே நின்றவர்கள் மிச்சமிருந்தவர்கள். அதைவிடப் பெரிய விஷயம், 1934-லிருந்து 1945 வரை என்.எஃப்.எல். என்ற இந்த லீகில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. அதாவது ஹட்சனின் ஆட்டக் காலம் முழுதும். பேக்கர்ஸ் அணிக்காக ஆடிய முதல் கறுப்பின வீரர் பாப் மேன் 1950-இல்தான் வந்தார், அவரும் ரிசீவர். ஆகவே 74-க்கு 27 என்ற இடைவெளியை முழுசாக நம்ப வேண்டாம், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் 1936, 1937, 1939, 1941 ஆகிய வருடங்களில், அமெரிக்கா போருக்குப் போகும் முன்பே, கேட்சில் அவர்தான் முதல். நான் கழித்துப் பார்த்தேன். முதலிடம் அசையவில்லை.

எறிந்தவரின் புண்ணியம்

ஆடம்ஸைப் பற்றிப் பேசினாலே, "ஆரோன் ராட்ஜர்ஸ் எறிந்தால் யாரும் பிடிப்பான்" என்று பேக்கர்ஸின் அந்நாளைய குவாட்டர்பேக்கைச் சுட்டி ஒருவர் சொல்வார். 2022-இல் ஆடம்ஸ் ரெய்டர்ஸ் அணிக்குப் போனார். அங்கே பெரும்பாலும் டெரெக் கார் எறிந்தார். 1,516 யார்டு, 14 டச்டவுன், டச்டவுனில் லீகிலேயே முதல். அணிப் பட்டியலில் இதைக் கூட்டக் கூடாது என்று நானேதான் மேலே சொன்னேன். கூட்டவில்லை, சாட்சிக்கு மட்டும் கூப்பிடுகிறேன்.

பாதியில் நின்றவர்கள்

ஸ்டெர்லிங் ஷார்ப் ஆடியது ஏழு வருடம், 112 ஆட்டம். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 1992-இல் 108 கேட்ச், 1,461 யார்டு, 13 டச்டவுன், மூன்றிலும் லீகில் முதல். 1994-இல் 18 டச்டவுன். அந்தச் சீசனின் கடைசி வாரத்திலும் மூன்று போட்டார். அப்புறம் கழுத்துக் காயம், ஆட்டம் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து அணி சூப்பர் பவுல் வென்றபோது அவர் இல்லை. சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமின் கதவு 2025-இல்தான் திறந்தது.

உச்சத்துக்கு மதிப்பா, நீடித்து ஆடியதற்கு மதிப்பா என்று பேனாவை எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஆளைப் பார்த்து அளவுகோலை மாற்றினால் டிரைவரும் ஷார்ப்பும் ஒரே பட்டியலில் நிற்க மாட்டார்கள். நான் உச்சம் என்று முடிவு செய்தேன். ஷார்ப் இரண்டாமிடம்.

பத்து

பத்துப் பேர் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நேற்றுப் பார்த்த கேட்ச்

அந்தப் பரவசம் அடங்கட்டும். தூங்கி எழுந்து பட்டியல் போடுங்கள்.

இப்போதைக்கு என் வரிசை: ஹட்சன், ஷார்ப், ஆடம்ஸ், லாஃப்டன், டிரைவர், நெல்சன். லாஃப்டனையும் ஆடம்ஸையும் வருடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன். ஒரு கேட்சுக்குச் சராசரி 18 யார்டு எடுத்த மனிதரை நான்காவதாக எழுதும்போது கை கூசுகிறது. தம்பிகளிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.

ஓய்வு பெற்ற பெரியவருக்குத் திருத்திய பட்டியலை மறுவருடமே அச்சடித்து அனுப்பினேன், இம்முறை சட்டம் போடாமல். ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஒரே வரி: "டௌலர் எங்கே?"