உப்புக்காற்றுக்குத் தாங்கும் மின்சார சைக்கிளைக் கட்டுவது எப்படி

மோட்டாரை முடிவு செய்த பிறகே பிரேம் கிட்டை வாங்க வேண்டும். பார்த்தவுடன் பிடித்துப்போன பிரேமை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் மோட்டாரைத் தேடி வடசென்னையின் பாரிமுனைக் கடைகளில் அலைந்தவர்களை நான் அறிவேன். சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டாரைத்தான் ஹப் மோட்டார் என்கிறோம். முன்சக்கர ஹப் மோட்டாருக்கு ஃபோர்க்கின் இரு கால்களுக்கிடையே 100 மி.மீ. இடைவெளியும், பின்சக்கர மோட்டாருக்கு 135 மி.மீ. இடைவெளியும் வழக்கமாகத் தேவைப்படும். இந்த அளவை வாய்வார்த்தையாகக் கேட்டுத் திருப்தியடையாமல், ஸ்கேலை வைத்து நீங்களே அளந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

திறனைச் சட்டமே பாதி தீர்மானித்துவிடுகிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அதைச் சோதனை முகமை ஒன்று சரிபார்த்துச் சான்றளித்திருந்தால், அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ஆகவே மோட்டாருக்கும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலருக்கும் உள்ள சான்றுகளை விற்பவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை வரையிலான ஏறத்தாழ 10 கி.மீ. தூரத்தில் மேடு என்று சொல்வதற்குப் பாலங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால், இந்த வரம்புக்குள் இருக்கும் மோட்டாரே நமக்குத் தாராளம். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர், அது நிமிடத்துக்கு 200 சுற்றுச் சுற்றினால் வேகம் மணிக்கு 25 கி.மீ.ஐத் தொட்டுவிடும். எனவே 36 வோல்ட்டில் 200 சுற்றுக்கு உட்பட்ட மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். அதே மோட்டாருக்கு 48 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடி, சட்டத்தின் எல்லையையும் சாதாரண சைக்கிள் பிரேக்கின் எல்லையையும் ஒருசேரத் தாண்டிவிடும். கண்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டிய நம் சாலைகளில் அந்தக் கூடுதல் வேகத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரேமைப் பொறுத்தவரை, கடற்காற்று அரிக்கும் என்று தெரிந்தும் நான் இரும்புக் குழாய் பிரேமைத்தான் விரும்புகிறேன். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான்; ஆனால் மோட்டாரின் முறுக்கு விசை தாக்கும் இடத்தில் அது முன்னறிவிப்பின்றி விரிசல் விடும், இரும்போ பெரும்பாலும் முதலில் வளைந்து எச்சரிக்கும். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள், பாகங்களைப் பூட்டுவதற்கு முன்பே குழாய்களின் உட்புறத்தில் துருத்தடுப்பு எண்ணெயை ஊற்றி, பிரேமை நாலாபக்கமும் திருப்பி, ஓர் இரவு வடியவிட வேண்டும். ஹெட்செட், பி.பி. செட் (பெடல் அச்சைத் தாங்கும் பேரிங் தொகுதி), கிராங்க், செயின் ஆகியவற்றைப் பூட்டுவது எந்தச் சைக்கிள் கடைக்காரருக்கும் கைவந்த வேலை. மரையிட்ட பி.பி. செட்டில் வலப்பக்கக் கப்புக்கு எதிர் மரை என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். அதை வழக்கமான திசையில் முடுக்கப் பார்த்தால் பிரேமின் மரையே போய்விடும்.

அச்சுதான் இந்த வேலையின் உயிர்நாடி. சாதாரணச் சைக்கிளில் அச்சு வெறுமனே பாரத்தைத் தாங்குகிறது. ஹப் மோட்டாரிலோ, சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே விசை அச்சைப் பின்னோக்கித் திருகப் பார்க்கிறது. அச்சின் இரு பக்கமும் 10 மி.மீ. தடிமனுக்குத் தட்டையாகச் சீவப்பட்டிருப்பது அந்தத் திருகலைத் தடுப்பதற்காகவே. என் முதல் வண்டியில் டார்க் ஆர்ம் (அச்சைத் திரும்பவிடாமல் பிரேமோடு பிடித்துக்கொள்ளும் தகடு) போடாமல் பல் வைத்த வாஷரை மட்டும் நம்பியிருந்தேன். மூன்றாவது வாரம் பேசின் பிரிட்ஜ் பாலத்தில் ஏறும்போது கடகடவென்று ஒரு சத்தம் கேட்டு மோட்டார் நின்றுபோயிற்று. இறங்கிப் பார்த்தால், அச்சு உட்காரும் வெட்டு அகன்று வாய் பிளந்திருந்தது. அச்சோடு சேர்ந்து சுழன்ற ஒயர், பிழிந்த ஈரத்துணியைப் போல முறுக்கிக்கொண்டு, தோலுரிந்து செம்பு தெரியக் கிடந்தது. அன்று முன்சக்கரத்தில் மோட்டார் இருந்திருந்தால் சக்கரமே கழன்று நான் கீழே விழுந்திருப்பேன். ஆகவே 6 மி.மீ. இரும்புத் தகட்டில், அச்சின் தட்டைப் பகுதி ஆட்டமில்லாமல் உட்காரும்படி, லேத் பட்டறையில் கொடுத்து இரு பக்கத்துக்கும் டார்க் ஆர்ம் வெட்டி வாங்குங்கள். அதன் மறுமுனையைப் பிரேமின் குழாயோடு கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே அச்சு நட்டை முடுக்க வேண்டும். தகட்டின் துளைக்கும் அச்சுக்கும் இடையே நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்து வேறு செய்யச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கு என் தேர்வு லித்தியம் இரும்பு பாஸ்பேட். எடை சற்றுக் கூடுதல் என்றாலும், மே மாத வெயிலில் நிற்கும் வண்டிக்கு மற்ற லித்தியம் வகைகளைவிட இதில் தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, ஆயுளும் அதிகம். 12 செல்களைத் தொடராக இணைத்தால் 38.4 வோல்ட் கிடைக்கும். முழுச் சார்ஜில் அது 43.8 வோல்ட். வழக்கமான 36 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரியோ 10 செல்களால் ஆனது, முழுச் சார்ஜில் 42 வோல்ட். இரண்டின் சார்ஜர்களும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் என்பதால், மாற்றிச் செருகிவிடாதபடி பெயிண்ட்டால் அடையாளம் இட்டு வையுங்கள். பி.எம்.எஸ். (செல்களின் சார்ஜைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) இல்லாத பேட்டரியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். 10 ஆம்பியர் மணி கொண்ட பேட்டரியில், மிதித்துக்கொண்டே ஓட்டினால் பாரிமுனைக்குப் போய்த் திரும்பிவிடலாம். ஒரே வாசல் கொண்ட வீடுகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் இருப்பவர்கள், வாசலை ஒட்டியோ மாடிப்படியிலோ சார்ஜ் போடக் கூடாது. தீ என்று ஒன்று வந்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

ஒயரிங்கில் பேட்டரியைக் கடைசியாகவே இணைக்க வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த ஒயர்களையும் மோட்டார் சுழலும் நிலையை உணர்த்தும் ஐந்து மெல்லிய ஹால் சென்சார் ஒயர்களையும் கண்ட்ரோலரோடு சேர்த்து, பெடல் சென்சாரையும் பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவரையும் செருகி, பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, மல்டிமீட்டரில் துருவங்களைச் சரிபார்த்த பிறகு, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து இயக்கிப் பாருங்கள். சக்கரம் சுழலாமல் நடுங்கினால், தடித்த ஒயர்களின் வரிசை ஹால் ஒயர்களோடு ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அவற்றின் நிறங்கள் எல்லாக் கிட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

உப்புக்காற்று கனெக்டரில்தான் முதலில் கை வைக்கும். பிரித்துப் பார்த்தால் செம்புப் பின்னின் மேல் பச்சைப் பொடி படிந்திருக்கும். வண்டி விட்டுவிட்டு ஓடுவதற்குப் பல நேரங்களில் அந்தப் பொடியே காரணம். ஒவ்வொரு கனெக்டரிலும் சிலிக்கான் கிரீஸ் தடவி, மேலே வெப்பத்தில் சுருங்கும் உறையை மாட்டுங்கள். கண்ட்ரோலரை அதன் ஒயர்கள் கீழ்நோக்கி வெளிவரும்படி பொருத்துங்கள். மோட்டாருக்குள் நுழையும் ஒயரும் அப்படியே ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறிச் செல்ல வேண்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டி இறங்கிவிடும். 26 அங்குலச் சக்கரத்தில் அச்சு தரையிலிருந்து சுமார் 33 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, மோட்டாரின் அடிப்பகுதி அதற்கும் ஏழு செ.மீ. கீழே. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதைகளில் தேங்கும் நீர் கெண்டைக்காலைத் தொட்டாலே, வேறு பாதையில் சுற்றிக்கொண்டு போவதே சரி.

பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, முதல் ஓட்டத்தை விடியற்காலையில், தெருவிலேயே குறைந்த வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சக்கரத்தின் ஸ்போக்ஸ் முதல் சில நாள்களில் தளரும். 50 கி.மீ. ஓடியதும் சக்கரத்தின் கோட்டம் எடுத்து, டார்க் ஆர்மின் கிளாம்பையும் அச்சு நட்டையும் மீண்டும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.