கொழும்பு வெயிலில் பொப்பி: பக்கற்றை நம்பிச் செய்யும் தவறுகள்

லண்டனிலிருந்தோ ரொரன்ரோவிலிருந்தோ வரும் சொந்தக்காரர் சொக்லேட்டோடு இரண்டு பூவிதைப் பக்கற்றும் கொண்டுவருவது கொழும்பு வீடுகளில் புதிதல்ல. அதில் ஒன்று பெரும்பாலும் பொப்பியாக இருக்கும். மேலே கையகலச் சிவப்புப் பூ. பின்பக்கத்தில் 'பல்லாண்டுச் செடி', 'முழு வெயில்' என்று இரண்டு குறிப்பு. அந்த இரண்டையும் இங்கே அப்படியே நம்பிவிடுவதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

படத்தில் இருப்பது ஓரியன்டல் பொப்பி. காக்கசஸ் மலைப்பகுதி, கிழக்குத் துருக்கி, வட ஈரான் அதன் ஊர். விதைத்த வருடம் இலையும் தடித்த ஆணிவேரும் மட்டும்தான் வரும். நல்ல குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே மொட்டு விடும். கொழும்பில் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதனால் செடி எவ்வளவு திடமாக வளர்ந்தாலும் குளிர் வந்துவிட்டது என்ற செய்தி அதற்குப் போய்ச் சேராது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து அழுகிவிடும். பல்லாண்டு என்பது ஐந்து மாதத்தில் முடிந்துபோகும்.

நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ உறவினர் இருந்தால் அந்தப் பக்கற்றை அவர்களுக்குக் கொடுப்பதுதான் புத்தி. ஐஸ்லாந்துப் பொப்பிக்கும் அதே வழி. கொழும்புத் தோட்டத்துக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, செம்மஞ்சள் நிறக் கலிபோர்னியா பொப்பி. சொந்த ஊரில் சில வருடம் வாழக்கூடியது. இங்கே ஒரு பருவம். மற்றது வயல் பொப்பி; அதன் தோட்ட வகைக்கு ஷேர்லி என்று பெயர். போரில் இறந்த வீரர்களின் நினைவாக நவம்பர் 11 இல் சட்டையில் குத்தும் காகிதப் பூவின் அசல் இதுதான். (1930களில் அதே நாளில், பொப்பிப் பூ விற்பனைக்குப் போட்டியாக, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்தினர் இங்கே பூவரசம்பூ விற்றார்கள். கொழும்பு மண்ணைப் பொறுத்தவரை அவர்களின் தெரிவு சரியானதுதான்.)

வெளிநாட்டு விதையில் இன்னொரு சிக்கல் உண்டு. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி விதைகளை நாட்டுக்குள் கொண்டுவருவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சின்னப் பக்கற்தானே என்று பெட்டியின் அடியில் மறைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கசகசாவை விதைத்துப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பலூடாவில் ஊறி மிதக்கும் கறுப்புக் கசகசா, துளசி இனத்தைச் சேர்ந்த திருநீற்றுப்பச்சையின் விதை. அதை விதைத்தால் வாசனை இலை கிடைக்கும், பொப்பி கிடைக்காது. குருமாவுக்கு அரைக்கும் வெள்ளைக் கசகசா அபின் பொப்பியின் விதை. அந்தச் செடியை அனுமதியில்லாமல் வளர்ப்பது 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், ஆபத்தான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். வாங்கும்போது பக்கற்றில் அபின் பொப்பியின் தாவரவியல் பெயரான 'சொம்னிபெரம்' இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

காலம் தவறினால் கைப்பக்குவம் எதுவும் உதவாது

ஒக்டோபரில் மழை தொடங்கியதும் மண் ஈரமாக இருக்கிறதே என்று விதைத்துவிடுகிறார்கள். ஒக்டோபரும் நவம்பரும் கொழும்பில் அடைமழை மாதங்கள். ஊசிமுனை அளவு விதை முதல் இடிமழையிலேயே வடிகானுக்குப் போய்விடும். தப்பி முளைத்ததை ஒரே இரவில் ஆபிரிக்க நத்தை மேய்ந்துவிடும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை விதையுங்கள். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் வறண்ட காற்றும் ஓரளவு குளிர்ந்த இரவுகளும்தான் இங்கே பொப்பிக்குக் கிடைக்கும் ஒரே சலுகை. எட்டு முதல் பத்து வாரத்தில் மொட்டை எதிர்பார்க்கலாம். கொஞ்சம் பிந்தினால் பதற வேண்டாம். பொப்பிகளுக்கு நீண்ட பகல் பிடிக்கும். கொழும்பிலோ வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணித்தியாலம்தான்.

மண்ணுக்குள் புதைக்காதீர்கள்

வயல் பொப்பி விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். வெண்டி, பயற்றை விதை போல விரலால் குழி போட்டு மூடினால் அது அங்கேயே கிடக்கும். கால் தேக்கரண்டி விதையை ஒரு கோப்பை காய்ந்த ஆற்று மணலோடு கலந்து, பழைய உப்புத்தூவியில் போட்டுத் தூவுங்கள். மணல் வெளிறித் தெரிவதால் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு ஒரு பலகைத் துண்டால் மெதுவாக அழுத்தினால் போதும், மேலே மண் போட வேண்டாம். கலிபோர்னியா பொப்பியின் விதை சற்றுப் பெரியது. அதை மட்டும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மண்ணால் மூடலாம்.

சூடான மண்ணில் விதை உறங்கியே கிடக்கும். 15 முதல் 20 பாகை வரைதான் அதற்கு இதம். வயல் பொப்பி விதையை ஈர மணலில் கலந்து, மூடிய டப்பாவில் போட்டு, பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் மூன்று வாரம் வைத்தெடுத்துத் தூவினால் முளைப்பு மேம்படும். மேலே உள்ள ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. நனைந்த விதை உறைந்தால் செத்துவிடும்.

தட்டில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடுவது இன்னொரு தவறு. தக்காளி நாற்று அதைத் தாங்கும், பொப்பி தாங்காது. ஆணிவேரின் நுனி ஒடிந்தால் செடி குன்றிவிடும். வீட்டில் சேரும் தயிர்ச்சட்டிகளில் விதைக்கிறவர்கள் கவனிக்க: சட்டி ஆழமில்லாதது, அடியில் துளையும் இல்லை. பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பத்திரிகைத் தாளைக் குழாயாகச் சுருட்டி மண் நிரப்பி விதைத்து, தாளோடு சேர்த்தே நடுங்கள். நேரடியாகப் பாத்தியில் விதைப்பது அதைவிட நல்லது.

நாற்றழுகல்

கொழும்பில் பொப்பி நாற்றுகளைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். காலையில் பார்த்தால் நாற்று மண்ணில் சாய்ந்து கிடக்கும். இலை இன்னும் பச்சையாகவே இருப்பதால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். குனிந்து தண்டைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் நீர் ஊறியதுபோல் கண்ணாடியாகி, பிறகு பழுப்பாகி, நூல் போல இறுகியிருக்கும். அது மண்ணில் வாழும் பூஞ்சணத்தின் வேலை. விழுந்ததை எழுப்ப முடியாது. சுற்றியிருப்பதையாவது காப்பாற்ற, விழுந்தவற்றைச் சுற்றுமண்ணோடு கிள்ளி எறிந்துவிட்டு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

வருமுன் தடுப்பது சுலபம். மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரவு முழுக்க ஈரம் நிற்கும். சாடி என்றால் காலையில் கால்மணி நேரம் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியால் உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். முளையிலைக்குப் பிறகு இரண்டு உண்மையிலை வந்ததும் நாற்றுகளைக் கலைத்து, செடிக்குச் செடி 15 முதல் 20 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். நகவெட்டிக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டுவதே சரி. முளைத்ததை வெட்ட மனம் வராதுதான், ஆனால் வெட்டாவிட்டால் எல்லாமே போகும்.

மண் விஷயத்தில் தாராளம் கூடாது. சாடி முழுக்கத் தும்புத்தூளைப் போட்டால் அது நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். இரண்டு பங்கு தோட்டமண், இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய கூட்டெரு போதும். வெள்ளவத்தைக் கடற்கரை மணல் இலவசம்தான், ஆனால் உப்பு. கொழும்பின் கபுக் செம்மண் புளிப்பானது, தண்ணீரையும் தேக்கும். பாத்தியை ஓரடி உயர்த்தி, புளிப்பைக் குறைக்கச் சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி டொலமைட் சுண்ணாம்புத்தூள் கலந்து, இரண்டு வாரம் ஆறவிட்டு விதையுங்கள். யூரியாவைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். இலை கீரைபோல் கொழுக்கும், பூ வராது.

பக்கற்றில் உள்ள 'முழு வெயில்' இங்கிலாந்தின் வெயில். இங்கே காலை ஆறரையிலிருந்து பன்னிரண்டு வரை விழும் வெயிலே தாராளம். அதன்பின் ஒரு மாமரத்தின் கிளைநிழலாவது வேண்டும். மேற்குப் பார்த்த அடுக்குமாடிப் பல்கனி மோசமான இடம். பிற்பகல் சூடு போதாதென்று சுவரும் இரவில் வெப்பத்தைக் கக்கும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருந்தால் உப்புக் காற்று வேறு.

இத்தனைக்குப் பிறகும் ஓரியன்டல் பொப்பியைத்தான் வளர்த்துப் பார்ப்பேன் என்பவர்களுக்கு: ஏப்ரலில் இலை மஞ்சளாகி மடியும். அதன் ஊரில் பூத்து முடிந்ததும் கோடையில் இலை உதிர்த்து உறங்குவது இயல்பு என்பதால், இங்கேயும் உறங்குகிறது என்று காத்திருப்பார்கள். காத்திருக்காமல் மண்ணை விரலால் விலக்கி வேர்க்கழுத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வெளிறிய நிறத்தில் இருந்தால் உயிர் இருக்கிறது; சாடியை மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றி, வாரத்துக்கு ஒரு குவளைக்கு மேல் தண்ணீர் கொடுக்காதீர்கள். விரல் உள்ளே போய், பழுப்பாகக் குழைந்து நாறினால் சாடி மண்ணோடு கொட்டிவிடுங்கள். அந்த மண்ணில் அடுத்த டிசம்பர் மறுபடி பொப்பி போடக் கூடாது.