ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு: தவக்காலச் சாப்பாட்டு முறை

ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலம் வந்தால் கத்தோலிக்க வீடுகளில் எழும் சந்தேகங்களில் பாதி, ஒருசந்தியையும் சுத்தபோசனத்தையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை. இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கான ஒழுங்கு இது.

சுத்தபோசனம் என்பது இறைச்சி தவிர்ப்பது. 14 வயது நிறைந்த அனைவருக்கும் உரியது. முதியவர்களுக்கும் விலக்கு இல்லை. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும், வெள்ளிக்கிழமைகள் எல்லாமும் அதற்கான நாள்கள். ஒருசந்தி என்பது அளவைக் குறைப்பது. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை, திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே நாள் கட்டாயம். 40 நாளும் இருப்பது அவரவர் விருப்பம். ஞாயிறு அந்தக் கணக்கில் சேராது.

பெருவிழா, அதாவது திருச்சபையின் மிக உயர்ந்த நிலைத் திருநாள், வெள்ளியில் வந்தால் சுத்தபோசனக் கடமை இல்லை. 2027 மார்ச் 19 அப்படிப்பட்ட நாள்: வெள்ளிக்கிழமை, புனித சூசையப்பர் பெருவிழா.

ஆடு, மாடு, பன்றி, கோழி கூடாது. மீன், முட்டை, பால், நெய்க்குத் தடையில்லை. முட்டையையும் விடுவது பல வீடுகளின் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் சட்டம் அல்ல. கோழிச்சாறு கலந்த சூப் பொடியும் நூடுல்ஸ் மசாலாவும்தான் தெரியாமல் உள்ளே வந்துவிடும். பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். மீன் ஆகும் என்று வஞ்சிர வறுவலும் இறால் தொக்குமாக இலையை நிரப்பினால், சட்டம் நிற்கும், தவம் நிற்காது.

ஒருசந்தியன்று ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரு வேளையும் சிற்றுணவு. அவை இரண்டையும் சேர்த்தாலும் முழுச் சாப்பாட்டின் அளவை எட்டக் கூடாது. இடையில் நொறுக்குத்தீனி வேண்டாம். பெரிய வெள்ளிக்கு ஒத்துவரும் பங்கீடு: காலையில் 2 இட்லி, நண்பகலில் ஒரு கிண்ணம் கஞ்சி, வழிபாடு முடிந்து வந்தபின் சோறு, குழம்பு. தண்ணீரும் மருந்தும் ஒருசந்தியை முறிக்காது. வெயிலில் சிலுவைப்பாதை நடப்பவர்கள் தண்ணீரை விடுவதால்தான் மயங்கி விழுகிறார்கள். தினமும் காபி குடிப்பவர் அன்று திடீரென நிறுத்தினால் தலைவலி வரும். முந்தைய வாரமே குறைத்து வாருங்கள். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இந்தக் கடமை இல்லை. பிடிவாதம் பிடிக்கும் பாட்டியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கஞ்சிக்கு, 4 பேருக்கு: புழுங்கலரிசிக் குருணை 200 கிராம், சிறுபயறு 100 கிராம், வெந்தயம் 1 தேக்கரண்டி, பூண்டு 10 பல். பயறை வாசம் வரும் வரை வறுத்து, எல்லாவற்றையும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 5 விசில் விடுங்கள். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கி விசில் துளையை அடைக்கும். திறந்ததும் மசித்து, அரை லிட்டர் வெந்நீர் ஊற்றுங்கள். ஆறினால் இறுகும் என்பதால் சற்று நீர்க்கவே இருக்கட்டும். உப்புப் போட்டு, அடுப்பை அணைத்தபின் 200 மில்லி தேங்காய்ப்பால் சேருங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும். தொட்டுக்கொள்ள வற்றல் மிளகாய் வைத்தரைத்த தேங்காய்த் துவையல் போதும்.