சுங்கை சிப்புட்டும் ஜெர்மனியும் ஒரே ரெப்போவில்: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான்கு பேர், ஜெர்மனியில் மூன்று பேர், ஒரே மென்பொருள் புராஜெக்ட். அதன் கோப்புகள் எல்லாம் இருக்கும் பொதுக் களஞ்சியம்தான் ரெப்போ. முதலில் இடித்தது நேரம். நமக்கு மாலை 4 மணி என்றால் அங்கே கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். நாம் வருடம் முழுக்க யூடிசி (உலகப் பொது நேரம்) +8. வாட்ஸ்அப்பில் "நாளைக்கு 4 மணி" என்று போடுவதை விட்டு, காலண்டரில் கோலாலம்பூர் நேர மண்டலத்தோடு அழைப்பு அனுப்பியதும் தீர்ந்தது.

பெரிய தலைவலி கிட், அதாவது கோப்பில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் மென்பொருள். ஒரு வரியைத் திருத்தினால் கோப்பின் 400 வரியும் மாறியதாகச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும். யார் மீதும் தப்பில்லை. வரி முடிவைக் குறிக்க விண்டோஸ் இரண்டு எழுத்து வைக்கும், லினக்ஸும் மேக்கும் ஒன்றுதான். அதனால்தான் எல்லா வரியும் மாறியதாகத் தெரிகிறது. தீர்வு இதுதான்: ரெப்போவின் மேல்மட்டத்தில், பெயருக்கு முன் புள்ளியோடு 'கிட்அட்ரிபியூட்ஸ்' கோப்பு ஒன்று. அதில் ஒரே வரி: நட்சத்திரக் குறி, இடைவெளி, 'டெக்ஸ்ட்=ஆட்டோ'. ரெப்போவில் வரி முடிவை ஒரே மாதிரி வைக்கச் சொல்வது இது. பிறகு கிட் ஆட் கட்டளையை 'ரீநார்மலைஸ்' ஆப்ஷனோடு ஓட்டி, பழைய கோப்புகளையும் அப்படியே மாற்றி, தனி கமிட் (மாற்றத்தின் பதிவு). அதற்கு முன்பே எல்லாக் கிளைகளையும் (தனித்தனியாகப் பிரிந்து நடக்கும் வேலைகளை) மெர்ஜ் செய்து ஒன்றாக்கிவிட வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் கான்ஃப்ளிக்ட் (மாற்றங்களின் மோதல்) குவியும், பிறகு ராத்தூக்கம் போச்சு.

தோட்டப் பக்கம் இடி இடித்தால் இன்டர்நெட் லைன் போகும். போன் ஹாட்ஸ்பாட்டில் ரெப்போவை குளோன் செய்கிறவர் (நகலெடுக்கிறவர்) 'டெப்த் 1' கொடுத்தால் பழைய வரலாறு இறங்காது, டேட்டா மிச்சம். பேசி முடிவெடுத்ததை அன்றைக்கே இஷ்யூவில் (புராஜெக்டின் குறிப்புப் பக்கத்தில்) எழுதிவிடுங்கள். பாதியில் லைன் அறுந்தவர் அதைத்தான் தேடுவார்.